எரியாத படுதா

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கரீமுல்லாவின் தையல் கடை இருந்தது. ஜிப்பாவுக்கு அளவு கொடுத்தால் ஒரு மாதம் இழுத்தடிப்பார். கொசுவலை, ரிக்‌ஷாவுக்குக் கூரைத் துணி என்றால் ஒரு வாரம். நாடகப் படுதா என்று சொன்னால் போதும், காஜா போட்டுக்கொண்டிருந்த சட்டையை அப்படியே ஒதுக்கிவிட்டுக் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துவிடுவார். சட்டைக்காரன் வெற்றுடம்போடு வாசலில் நின்றாலும் அவருக்குக் கவலை கிடையாது.

நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு நாடக சபைக்குக் காரியதரிசி. சம்பளம் இல்லாத உத்தியோகம். திட்டு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். எங்கள் நாடகங்களுக்கு கரீமுல்லா தவறாமல் வந்து, மேடையின் பக்கவாட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். கதை, பாட்டு, நடிப்பு எதுவும் அவர் கண்ணில் படாது. ராஜா வேஷம் போட்டவருக்கு மீசை கழன்று விழுந்து சபையே சிரித்த அன்று, நாடகம் எப்படி என்று அவரைக் கேட்டேன்.

"ரெண்டாவது தபா எறங்கும்போது ஒரு சுளுக்குகூட இல்ல சார். நல்லா நடிச்சுது" என்றார். படுதாவைச் சொன்னார்.

துணியைத் தைப்பதோடு அவர் விடுவதில்லை. அதற்கு ஏதாவது வித்தை கற்றுக்கொடுக்க வேண்டும். ரிக்‌ஷாக் கூரைத் துணியை முதலில் சோப்புத் தண்ணீரிலும், பிறகு படிகாரத் தண்ணீரிலும் முக்கி எடுப்பார். சோப்பும் படிகாரமும் நூலுக்குள்ளே கலந்து மெழுகு மாதிரி ஒன்றாகிவிடும். அது துணியை விட்டுப் போகாது, மழையையும் உள்ளே விடாது. நம்பாதவர்களுக்காகக் கடை வாசலில் ஒரு நிரூபணம் உண்டு. துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, அதில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, சந்தின் கோடி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவார். ஒரு சொட்டு ஒழுகாது.

"பருத்தி கீதே சார், அது சமத்து. இன்னா சொல்லிக் குடுத்தாலும் கத்துக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால், நாமும் ஒரு முழம் துணி வாங்கி எதிலாவது முக்கலாமா என்று தோன்றும்.

முப்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் எங்கள் சபைக்குத் தலைவலி வந்தது. எந்த ஊரிலோ ஒரு கொட்டகை தீப்பிடித்துப் போயிற்று. அதிலிருந்து இங்கேயும் கெடுபிடி. மேடையில் தொங்கும் துணி தீப்பிடிக்காது என்று இன்ஸ்பெக்டர் எதிரில் காட்டினால்தான் நாடகத்துக்கு அனுமதி என்று காகிதம் வந்தது. சபையின் தலைவர் ராமானுஜம், ரிடையர்டு தாசில்தார், காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"துணின்னா எரியத்தான் செய்யும். எரியாத துணிக்கு எங்க போறது? பேசாம தகரத்தை அடிச்சுத் தொங்கவிட்டுடலாம் ஓய்" என்றார். கிண்டலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் தகரத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார்.

விஷயம் கரீமுல்லாவின் காதுக்கு எட்டியதும் வேகுவேகென்று என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், தகரமா? தகரம் எங்கன்னா ஆடுமா? அது ஏறும்போது கடமுடான்னு சத்தம் போட்டுகினு போவும். ஊர்ல ஒரு சபை தகரம் போட்டா, நாளைக்கு எல்லா சபையும் போட்ரும். அப்பறம் நான் கொசுவலையே தச்சிகினு இருக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு தபா சான்ஸ் குடுங்க. எரியாத துணி நான் தரேன்."

எங்கள் சபையின் கதாநாயகியைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கதாநாயகி என்றால் அனந்தராமன். மேடையில் தமயந்தியாக அழுவான், பகலில் காலேஜில் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த தியாகராய நகரில் குடியிருந்தான். சைக்கிளில் போய்க் கேட்டேன். பத்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். பத்து காலன் வெந்நீருக்கு ஏழு பவுண்டு வெண்காரம், மூன்று பவுண்டு போரிக் பவுடர். துணியை முக்கி, அழுத்திப் பிழியாமல் உலர்த்த வேண்டும். நெருப்புப் பட்டதும் இந்த உப்பு உருகி, நூலைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். காற்று கிடைக்காமல் நெருப்பு செத்துவிடும். துணி கருகும், ஆனால் கொழுந்து விடாது.

வெண்காரம் என்றதும் கரீமுல்லாவின் மனைவி சகினா சிரித்துவிட்டாள். அவள் அப்பா ஈயம் பூசுகிறவர். நவச்சாரமும் வெண்காரமும் நிறுத்துப் பழகிய கை. "அளவெல்லாம் என்கிட்ட உட்ருங்க" என்று சொல்லித் தராசை எடுத்துத் துடைத்தாள்.

மில்லிலிருந்து வந்த துணி கஞ்சியும் மெழுகுமாக இருந்தது. அந்த நிலையில் அது தண்ணீரைக் குடிக்காது. கரீமுல்லா அதைச் சலவைச் சோடாவில் வேகவைத்து அலசினார். சிந்தாதிரிப்பேட்டையில் சாயம் ஏற்றி, அரக்குச் சிவப்பாகக் கொண்டுவந்தார். தைத்தபின் முக்க வேண்டுமே, பத்து காலன் பிடிக்கிற பாத்திரம் யாரிடம் இருக்கிறது? சந்தில் ஒருவர் கல்யாணங்களுக்கு பிரியாணி சமைக்கும் டேக்சா வைத்திருந்தார். அது உருண்டு வந்து சேர்ந்தது. படுதா அதற்குள் இறங்குவதை நான் பார்த்தேன். ஆசாரம் பார்க்கிற ராமானுஜத்தின் முகம் என் மனக்கண்ணில் ஒருமுறை வந்து போயிற்று.

வியாழக்கிழமை படுதா காய்ந்து வந்தது. அதன் ஓரத்தில் மிஞ்சிய ஒரு துண்டில் தீக்குச்சியை வைத்துக் காட்டினார் கரீமுல்லா. குச்சி எரிந்தது. துண்டு சுருங்கிக் கறுத்தது. குச்சியை எடுத்ததும் அவ்வளவுதான், ஒரு பொறிகூட இல்லை. சகினா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் இன்னொரு குச்சி கேட்டு நானே கொளுத்திப் பார்த்தேன். மூன்று பேரும் அந்தத் துண்டு தீருகிற வரைக்கும் கொளுத்தி விளையாடினோம்.

"இதுக்குத் தண்ணி மட்டும் காட்டக் கூடாது சார்" என்றார் கரீமுல்லா, படுதாவை மடித்து என் வண்டியில் ஏற்றும்போது.

சரி என்றேன். அதே மனுஷன் தைத்த ரிக்‌ஷாக் கூரை கார்த்திகை மாச மழையெல்லாம் தாங்கி நிற்கிறதே, இதற்கு மட்டும் என்ன என்று நினைத்தேன். அது வேறு வித்தை, இது வேறு வித்தை என்று எனக்கு அப்போது புரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராமானுஜம் படுதாவைப் பார்த்தார். நிறம் பிடித்திருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மேடையில பூஜை. பெருமாள் படத்துக்குப் பின்னாடி இதுதானே தொங்கப்போறது? எங்கெங்க போயிட்டு வந்ததோ, யார் யார் கை பட்டதோ. மடியா இருக்க வேண்டாமா? நம்மாத்துக் கெணத்தடியில ஒரு தடவை ஜலத்துல நனைச்சு உலர்த்திடுங்கோ, போதும்."

எங்கெங்கே போயிட்டு வந்ததோ என்று அவர் சொன்னபோது எனக்கு டேக்சாதான் கண்முன் நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு தடவை என்றார். நான் இரண்டு ஆளை வைத்து மூன்று தடவை அலசினேன். வெளுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மிச்சமிருந்த கஞ்சி போகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற புத்திசாலிகள் நாலு பேர் இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வேதநாயகம் வந்தார். நிதானமான மனுஷர். படுதாவின் கீழ் ஓரத்தில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டு எண்ணுங்க" என்றார். நான் நாலு எண்ணினேன். குப்பென்று ஒரு முழம் உயரத்துக்குத் தீ ஏறியது.

கரீமுல்லா பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் கசக்கி அணைத்தார். ஒரு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவர் எரியாத பக்கத்திலிருந்து ஒரு முனையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வெண்காரத்தின் ருசி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. தலை நிமிர்ந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில்தான், கிணற்றடியில் போனது கஞ்சி இல்லை என்று என் மரமண்டையில் ஏறியது.

நான் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து கருகிய நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுது சார்" என்றார் கரீமுல்லா இன்ஸ்பெக்டரிடம். "மருந்து அளவு கம்மியாப் போச்சு. நாளைக்கு ஒரு தபா பாருங்க. அப்பவும் எரிஞ்சா நான் இந்தப் பக்கமே வரல."

வேதநாயகம் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். "நாளைக்கு நாலு மணி. அதுக்கு மேல என்னால முடியாது. ஆறு மணிக்கு உங்க நாடகம், அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ராமானுஜம் தகரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரில் வெண்கார வேட்டை. நாட்டு மருந்துக் கடைகளில் குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்காக வைத்திருந்ததை எல்லாம் அள்ளினோம். தட்டார்கள் நகை பற்றவைக்கப் பொடி ஊதுகிற டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார்கள். போரிக் பவுடருக்கு வேறு வழியில்லாமல் கேரம் போர்டு கிளப்புக்கு ஓடினேன். அங்கே ஆட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் முதலில் முறைத்தார்கள். நாடகம் நடக்காது என்றதும் பலகையில் தூவியிருந்ததைக்கூட வழித்துக் கொடுத்தார்கள். கதாநாயகி அனந்தராமன் மூக்கும் தலையும் வெள்ளையாக, ஒரு பை நிறைய போரிக்கோடு சைக்கிளில் வந்து இறங்கினான். காயம் பட்ட கண்ணைக் கழுவ ஒரு சிட்டிகை போரிக் அன்றைக்கு மயிலாப்பூரில் யாருக்கும் கிடைத்திருக்காது.

சந்து முழுக்கச் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. சகினா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தையும் மூன்று தடவை நிறுத்தாள். பக்கத்து வீட்டுத் தராசை வாங்கி இன்னொரு தடவை நிறுத்தாள். பிறகு எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் அளவு சரியம்மா, தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெண்காரம் கரைந்து படுதா உள்ளே இறங்குகிற நேரத்தில், நான் கொஞ்சமும் எதிர்பாராமல், ராமானுஜமே சந்துக்குள் வந்துவிட்டார். நாலு முழம் தள்ளி நின்று டேக்சாவைப் பார்த்தார்.

"அது என்ன பாத்திரம்?"

எனக்கு உயிர் போய்விட்டது.

"கல்யாணப் பாத்திரம் சாமி" என்றார் கரீமுல்லா, கிண்டுவதை நிறுத்தாமல்.

ராமானுஜம் டேக்சாவை இன்னொரு தடவை பார்த்தார். முப்பது வருஷம் தாசில்தாராக இருந்தவர். எந்தக் கல்யாணத்தில் என்ன வேகும் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு என்னைக் கேட்டார், "காய்ஞ்சப்புறம் மறுபடி நனைக்கலாமோ?"

"நனைச்சா எரியும் மாமா" என்றேன்.

சனிக்கிழமை ஏன் எரிந்தது என்று அவர் புரிந்துகொண்டார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மேல்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"போரிக்குன்னா டாக்டர் குடுக்கறதுதானே? வெண்காரமும் மருந்துக் கடைச் சரக்குதான். மருந்துக்குத் தோஷம் இல்லை. அப்படியே தொங்கவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கத்திரி வெயில் அன்றைக்கு எங்கள் கட்சி. மொட்டை மாடியில் விரித்த படுதா மூன்று மணிக்குள் காய்ந்துவிட்டது. கரீமுல்லா எரிந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, வெண்காரத்தில் நனைத்து உலர்த்திய ஒட்டுத் துணியை வைத்துத் தைத்தார். நாலு மணிக்கு வேதநாயகம் மெழுகுவத்தியைப் பிடித்தார். நான் பன்னிரண்டு எண்ணினேன். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அவர் நம்பாமல் வேறு இடத்தில், வேறு உயரத்தில் பிடித்தார். அங்கேயும் கறுப்பு வட்டம். கடைசியில் ஒரு காகிதச் சுருளைக் கொளுத்தி அடியில் காட்டினார். காகிதம் எரிந்து சாம்பலாகி விழுந்தது. துணி சும்மா நின்றது.

"எங்க வூட்டு ஜன்னலுக்குக்கூட இது மாதிரி ஒண்ணு வேணும் பாய்" என்று சொல்லிக்கொண்டே வேதநாயகம் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு பூஜை முடிந்து படுதா ஏறியது. அனந்தராமன் தலையில் இன்னும் கொஞ்சம் போரிக் இருந்தது. அதை நரை என்று நினைத்துச் சிலர் தமயந்திக்காக இன்னும் அதிகமாக இரங்கினார்கள். நாடகம் பிரமாதம். கரீமுல்லா கயிற்றுப் பக்கத்தில் நின்று, கட்டுப் போட்ட கையை மறந்து கைதட்டினார்.

மறுநாள் அவர் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கிணற்றடி, மூன்று அலசல், எல்லாம்.

"தெரியும் சார். நாக்குல வெச்சவொடனே தெரிஞ்சுது. கெணத்துத் தண்ணி."

"பின்னே ஏன் சொல்லலை?"

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினார். "நான் சொன்னா, ஏன் நனைச்சீங்கன்னு அந்த இன்ஸ்பெக்டர் உங்களக் கேப்பாரு. நீங்க நாலு பேர் முன்னால பதில் சொல்லணும். இன்னா சொல்லுவீங்க? என் கை பட்டுதுன்னு சொல்லணும். அது வாயத் தொறந்து வந்துட்டா, அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு உங்க மேடைல ஏறிக் கயிறு கட்றது? யாரும் சொல்லாங்காட்டி, நானும் தெரியாத மாதிரி வந்துகினு போய்க்கினு இருக்கலாம்."

அவர் ஒரு தையல் போட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆனா இந்த சகினாவுக்குத்தான் மனசு ஆறல. தன் அளவு தப்புன்னு நெனச்சிகினு கீது. நெசத்த சொன்னேன். நம்பல. என்னத் தேத்துறதுக்குச் சொல்றேன்னு சொல்லுது. அந்தத் தராச பரண்ல போட்டுடுச்சு."

"நானே எல்லார் முன்னாடியும் சொன்னா?" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தி யோசித்தார். "யாரும் கேக்காம, நீங்களே சொன்னா, அது வேற சார்" என்றார்.

ஆனி மாதம் சபையின் வருஷக் கூட்டம். ஹால் நிறைந்திருந்தது. கரீமுல்லாவை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். சகினா பர்தா போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் தட்டிக்குப் பின்னால் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். காரியதரிசியின் அறிக்கையை நான் படித்தேன். அதை எழுத எனக்கு எட்டு நாள் ஆயிற்று.

"படுதாவுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று கரீமுல்லா சாயபு சொல்லியிருந்தார். காரியதரிசி கேட்கவில்லை. மடி என்று சொல்லி மூன்று முறை அலசினார். மருந்து முழுவதும் கிணற்றடியில் போயிற்று. துணி எரிந்தது அதனால்தான். தன் தவறு என்று கரீமுல்லா சாயபு சொன்னது உண்மையல்ல. தவறு காரியதரிசியுடையது. சகினா பீவி நிறுத்த அளவில் குண்டுமணி எடைகூடப் பிசகில்லை."

மேடையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ராமானுஜம் எழுந்து நின்றிருந்தார்.

"நனைக்கச் சொன்னது தலைவர்னு அதையும் சேர்த்துக்கும் ஓய். பாதி நிஜம் எழுதினா அது ரிப்போர்ட்டே இல்லை" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

பேனாவை எடுத்து அங்கேயே எழுதிச் சேர்த்தேன். தலை நிமிர்ந்தால் கரீமுல்லா எழுந்து நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது, வாய் முழுக்கச் சிரிப்பு. ஏதாவது நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், சகினா அளவு பத்தின அந்த வரிய இன்னொரு தபா படிங்க. கொஞ்சம் சத்தமா. அது பின்னால குந்திகினு கீது, காதுல உழுந்திருக்காது."

தட்டிப் பக்கமாகத் திரும்பி, தொண்டை கிழியப் படித்தேன்.